பாலிஷ் டப்பாவில் இருந்த மாத்திரை

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ் ஆள் வருவார். தேனொழுகப் பேசுவார், உடனே தலையாட்டிவிடாதீர்கள். "எல்லாமே கவர் ஆகும் சார்" என்றால், எது ஆகாது என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள்.

சந்தேகம் அவர்மேல் மட்டும் இல்லை. படிவத்தில் ரத்தக்கொதிப்பு 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் இருக்கிற மாத்திரை யாருக்கு? பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு அட்டையைப் பார்த்தால் தெரியாதா? எனக்குத் தெரியக்கூடாதென்று வேறு கடையில் வாங்கியிருக்கிறீர்கள். ரசீதும் உள்ளேயே இருந்தது. நேற்று "எல்லாத்தையும் எதுக்கு நோண்டுற" என்று எரிந்து விழுந்தது இதற்குத்தானா?

நல்லவேளை, பென்சிலால் எழுதியிருந்தீர்கள். அழித்துவிட்டேன். பேனாவால் 'உண்டு' என்று நீங்களே எழுதுங்கள். மறைத்தால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிடுவார்கள்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: ரசீதுத் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன், மூன்று மாத்திரை அதிகம் இருக்கிறது. மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. டப்பாவைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.