பதிவேட்டில் ஏறாத நான்கு காயங்கள்

அனுப்புநர்:
கேட் காவலர்,
வெளிநாட்டுத் தன்னார்வலர் மருத்துவ நிலையம்.
(சொல்வது நான், எழுதுவது என் மருமகள்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவர் தகுதி மற்றும் சிகிச்சை அனுமதிக் குழு,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் டாக்டரம்மா காயம் தைப்பதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது – விடுபட்ட நான்கு காயங்களைச் சேர்த்து அனுமதியைத் திரும்ப வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குறித்து வைக்க வழியில்லாததால் எதையும் மறப்பதும் இல்லை. பதினேழு வருடமாக இந்தக் கேட்டைத் திறந்து மூடுகிறேன். எந்தப் பிள்ளை எந்தக் காலை நொண்டிக்கொண்டு வந்தது என்று கேட்டால் கிழமையோடு சொல்வேன்.

1. கடல் தாண்டி வந்து இங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போடும் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் எங்கள் டாக்டரம்மா. அவர் என்னென்ன சிகிச்சை செய்யலாம் என்று தங்கள் குழு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் அனுப்பும். இம்முறை வந்ததில் காயம் தைப்பது மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடத்தில் பத்துக் காயமாவது தைத்திருக்க வேண்டுமாம். பதிவேட்டில் ஆறுதான் இருக்கிறதாம்.

2. ஆறாகக் குறைந்ததற்கும் அவர்தான் காரணம். வந்திறங்கும் பிள்ளைகளை முதல் நாளே வரிசையில் நிற்க வைத்து, கையுறையும் பூட்ஸும் இல்லாமல் தகரத்தைத் தொட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்று மிரட்டுவார். பயந்துபோய் பூட்ஸோடு தூங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காயம் குறைந்ததால் அவருக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிற்று என்பது, தீப்பிடிக்கவில்லை என்பதற்காகத் தீயணைப்பு வண்டியின் சக்கரத்தைக் கழற்றுவது போல் இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம், ஐயா.

3. போன மாதம் இரண்டாம் புதன்கிழமை, நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் பிள்ளைக்குத் தகரம் சரிந்து முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. ஊசி அலமாரியில், டாக்டரம்மா எதிரில், அனுமதி மட்டும் இல்லை. இறுக்கிக் கட்டுப்போட்டு, ஐந்து மணி நேரப் பாதையில் ஜீப்பில் அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் தைத்தவர் பயிற்சி டாக்டர். "இதுதான் எனக்கு முதல் தையல்" என்று அவரே பெருமையாகச் சொன்னாராம். அவருக்கு அனுமதி இருந்தது. நெட்டையன் திரும்பி வந்து காலைக் காட்டி, "தாத்தா, இது காலா, கோணிப்பையா?" என்றான். நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

4. அன்றைக்கு அவர் சொன்னது: "தைக்கத் தெரிஞ்ச கையைக் கட்டிக்கிட்டு உக்காரவா நான் இங்க இருக்கேன்? அடுத்த மாசக் கூட்டத்துலயும் குழு இதையே சொன்னா, பொட்டியைக் கட்டிட்டுப் போயிடறேன்." அவர் சொன்னால் செய்கிறவர். ஆகவே நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

5. உண்மையில் அவர் தைத்தது பத்து. நான்கைப் பதிவேட்டில் ஏறவிடாமல் செய்தவன் நான். போன வருடம், பம்பு ரிப்பேரான வாரம், கேட்டின் கீலில் என் இடது பெருவிரல் நசுங்கிப் பிளந்தது. ஐந்து தையல். பதிவேடு தலைமை அலுவலகத்துக்குப் போகும், பார்த்தால் 'வயசாச்சு, கை தடுமாறுது' என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, "அம்மா, என் பேரை ஏத்தாதீங்க" என்று கெஞ்சினேன். "பதிவேட்ல ஏத்தலை. ஆனா என் டைரில எழுதுவேன், பெரியவரே" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிறகு எண்ணெய் டின் மூடியில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்ட சமையல்கார அம்மாவுக்கும் (நான்கு தையல்), கண்ணாடியை மிதித்த சலவைக்காரருக்கும் (மூன்று), தலையில் எஞ்சின் மூடி விழுந்த ஜீப் டிரைவருக்கும் (ஆறு, ஊசி தொடும் முன்பே கத்தினார்) அதே யோசனையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களும் கெஞ்சினார்கள். எங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக டாக்டரம்மா இன்றுவரை அந்த டைரியைத் தங்களுக்குக் காட்டவில்லை.

6. பத்துக் காயம் என்றுதான் விதியில் இருக்கிறது. யாருடைய காயம் என்று இல்லை. மருமகளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். "மாமா, இதை அனுப்பினா உங்க வேலை போயிடும்" என்றும் அவள் படித்தாள்; அது விதியில் இல்லாதது. போனால் போகட்டும். கேட்டைத் திறக்க ஆள் கிடைக்கும்.

ஆகவே ஐயா, நாங்கள் நால்வரும் டாக்டரம்மாவை அவர் கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்கிறோம். குழு கூடும் நாளுக்குள் டைரியை வரவழைத்துப் பார்த்து, அவர் தைக்கும் அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டுகிறேன். டைரி போதாதென்றால் நாங்களே உள்ளங்கை, குதிகால், மண்டை சகிதம் வந்து நிற்கிறோம். என் சாட்சியை இதோடு அனுப்பியிருக்கிறேன், கீழே பார்க்கவும்.

இடம்: கேட் அறை
நாள்: குழு கூடுவதற்கு ஒன்பது நாள் முன்பு, வியாழக்கிழமை

இப்படிக்கு,
கேட் காவலர்
(இடது பெருவிரல் ரேகை. குறுக்கே ஓடும் மெல்லிய கோடு டாக்டரம்மா தைத்தது. கோணல் இருந்தால் தெரிவிக்கவும்.)