கரையில் உட்கார்ந்திருந்தவருக்கு

செவிலிமேட்டில் புதிதாக நீச்சல் குளம் திறந்திருக்கிறார்கள். மருமகள் பணம் கட்டி, நீச்சல் உடுப்பும் வாங்கிக் கொடுத்து, இன்று காலை என்னை அங்கே இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உள்ளே நுழைந்ததும் குளோரின் நெடி. சுவரில் விதிகள் எழுதிய பலகை, அதன் கீழே ஆரஞ்சு நிற மிதவை வளையம், கயிறு, நீளமான கழி. விசில் மாட்டிய ஒரு பெண் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நீங்கள் போனபிறகு நான் தண்ணீரில் இறங்கவே இல்லை.

தென்னேரி ஏரிக்கரையில் பிறந்தவள் நான். நடக்கப் பழகியபோதே நீந்தவும் பழகியவள். அறுபதுகளின் கடைசியில் உங்களைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேன். ஒருநாள் வெட்கத்தை விட்டு, கோயில் குளத்தில் நீந்த ஆசை என்றேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "போலாம்மா. ஆனா நான் கரையில இருப்பேன்" என்றீர்கள். உங்களுக்கோ முழங்கால் தண்ணீரே பயம்.

லாரி டியூப் ஒன்றைத் தேடிப் பிடித்துக் காற்றடைத்தீர்கள். சேலை நெய்து முடித்துப் பாவு அறுத்ததில் மிஞ்சிய பட்டு நூலையெல்லாம் முறுக்கிக் கயிறு திரித்து அதில் கட்டினீர்கள். உயிர்காக்கப் பட்டுக் கயிறு திரித்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்! வீசிப் பார்த்தபோது நனைந்த பட்டு என் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கே முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டீர்கள். சட்டங்கள் வேறு: சாப்பிட்டதும் இறங்கக் கூடாது, படியிலிருந்து குதிக்கக் கூடாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே நெய்யும் நீங்கள், குளக்கரையில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீர்கள்.

ஒரு மாசி மாதக் காலையில் நடுக்குளத்தில் என் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தண்ணீர் குடித்தேன். படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், "குதிப்பா! பொண்டாட்டி முழுவிக்கினு கீறா, பாத்துக்கினு நிக்கிறியே!" என்று கத்தினார்கள். நீங்கள் குதிக்கவில்லை. "மல்லாந்துக்கோ! கைய உதறாத!" என்று கூவிக்கொண்டே டியூபை வீசினீர்கள். எட்டவில்லை. இழுத்து மறுபடி வீசினீர்கள். இந்த முறை முடிச்சு என் கைக்குக் கிடைத்தது.

தெருவெல்லாம் அதே பேச்சு. இவனெல்லாம் ஆம்பிளையா என்று உங்கள் காதுபடவே சொன்னார்கள். அன்று முழுக்க நீங்கள் தறியில் உட்காரவில்லை. சாயங்காலம் நானே கேட்டேன், குதிக்கத் தோன்றவில்லையா என்று.

"தோணுச்சுமா. நான் குதிச்சிருந்தா நீ என்னைக் காப்பாத்த வந்திருப்ப. ரெண்டு பேருமே போயிருப்போம்."

மறுநாள் விடிந்ததும் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கெளம்புமா, நேரமாவுது" என்றீர்கள். அதே ஆட்கள் அதே படியில் இருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்தீர்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்று அந்த விசில்காரப் பெண், "கூட யாரு ஆயா வந்துருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லமா."

"பரவால்ல, நான் பாத்துக்கறேன், இறங்குங்க."

இறங்கினேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. ஒருமுறை முழுகி எழுந்ததும், கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைப்பதற்கு முன்பே கரையைத் தேடினேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கூடாது, கண்கொட்டாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னை மட்டும்தான் பார்ப்பீர்கள்.