இடப்பக்கம் இருப்பவள்

மார்ச் 3, செவ்வாய்

வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் நோட்டிடம் சொல்கிறேன்: இன்று பாதி முகத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். வலப்பக்கம் மழமழவென்று மாப்பிள்ளை. இடப்பக்கம் நாலு நாள் தாடியோடு துக்க வீட்டுக்காரன். மருந்துக்கடைப் பெண் மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டு, "என்ன சார், பாதியில பிளேடு தீர்ந்துபோச்சா?" என்றாள்.

"மீதி நாளைக்கும்மா. ஒரே நாள்ல முழு அழகையும் காட்டினா ஊர் தாங்காது."

கடையே சிரித்தது. வீடு வந்து சேரும்வரை எனக்கு முதுகு வேர்த்தது.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து நாலு மாதம் ஆகிறது. கண்ணில் பழுதில்லை என்கிறார்கள். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டதாம். முப்பது வருஷம் ஸ்டுடியோவில் மனிதர்களை உட்காரவைத்து, "லேசா இடப்பக்கம் திரும்புங்க" என்று படுத்தியவன் நான். எவனோ சாபம் விட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் பயிற்சியாளரம்மா தினமும் எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தாள். "என்ன எழுதுறீங்கன்னு படிக்க மாட்டேன் சார். எழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் பார்ப்பேன்." மாதக் கடைசியில் சோதனை. தேறினால் இந்த வீட்டில் தனியாக இருக்கலாம். தேறாவிட்டால் மகள் வீடு. மகள் நல்லவள், மருமகனும் நல்லவர். தொடர்ந்து மூன்று மணி நேரம் நல்லவர்களோடு இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

மார்ச் 5

தட்டை வழித்துத் தின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், தட்டில் ஒரு முழு முட்டையும் ரொட்டித் துண்டும்! வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

முட்டையைத் தின்றுவிட்டேன். பயம் வேறு, பசி வேறு.

மார்ச் 6

அடுப்பை அணைத்தேனா? ஓடி வந்து பார்த்தேன். அணைந்திருந்தது. நான் அணைக்கவில்லை.

மார்ச் 9

சமையலறையில் செருப்புச் சத்தம். திரும்பினேன். யாருமில்லை. திரும்பியது வலப்பக்கம்தான், எனக்குத் தெரிந்த ஒரே பக்கம்.

என் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். கட்டிலில் இடப்பக்கம், சினிமாவில் இடப்பக்கம், நடக்கும்போதும் இடப்பக்கம். நான் எரியவிட்டுப் போன விளக்கையெல்லாம் பின்னாலேயே வந்து அணைப்பாள். அப்படியானால் இப்போது எங்கே இருப்பாள்? இருந்த இடத்தில்தானே.

மகளிடம் சொன்னால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பாள்.

மார்ச் 10

பயிற்சியாளரம்மா சிவப்பு டேப்போடு வந்தாள். தட்டு, அடுப்பு மேடை, கண்ணாடி, கட்டில், கதவு நிலை, எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் ஒரு கோடு.

"சிவப்பு தெரியுற வரைக்கும் தலையைத் திருப்புங்க சார்."

"திருப்பினா என்னம்மா தெரியும்?"

"மீதி உலகம்."

படிக்க மாட்டேன் என்றவள் நோட்டை வெகுநேரம் வைத்திருந்தாள். நான் எழுதியது ஒரு பக்கம் என்றால், அவள் பார்த்தது இரண்டு பக்க நேரம்.

அவள் போனபின் நான் தலையைத் திருப்பவில்லை. சோதனையில் தோற்பேன், தெரியும். ஆனால் திரும்பிப் பார்த்து, அங்கே யாருமே இல்லையென்றால்?

மார்ச் 14

மாடிப்படியில் மைத்துனன். என் மனைவியின் தம்பி, மாடியில் தனிக்கட்டை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலை. நேரம், எண் தவிர எதையும் எழுதாதவன். காதல் கடிதம் எழுதியிருந்தாலும் மேலே 10.15 என்று போட்டிருப்பான். அதனால்தான் கல்யாணமாகவில்லை என்பது என் கட்சி. அக்கா இருந்தவரை மாடிப்படியிலிருந்து சமையலறைப் பின்கதவு வழியாகக் காலைத் தேநீருக்கு வந்துவிடுவான். அவள் போன நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. இன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் கண்ணில் நான் கொலைகாரன். தப்பா?

மார்ச் 17

எழுதிவிடுகிறேன்.

அன்று காலை நான் ஃபோனில் யாரோடோ அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். யாரென்று இப்போது நினைவில்லை. அவள் வந்து, "நெஞ்சு என்னவோ பண்ணுதுங்க" என்றாள். நான் ஃபோனை இறக்காமலே, "நேத்து என் தங்கச்சி வீட்டுல மூக்கு முட்டத் தின்னியே, அதான் கணக்கு கேக்குது" என்றேன். ஊரையே சிரிக்க வைக்கிறவன் இல்லையா! ஃபோனில் இருந்தவரும் சிரித்தார். அவளும்கூடச் சிரித்தாள் — நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மணி நேரம் கழித்து நான் ஆம்புலன்ஸை —

என் தம்பட்ட வாயை அன்று ஒருநாள் மூடித் தொலைத்திருக்கக் கூடாதா? ஏண்டி, நீயாவது ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

இப்போது வந்து அடுப்பை அணைக்கிறாள்.

மார்ச் 21

முன்னறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். கருகல் வாடை. போய்ப் பார்த்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கைத்துண்டு பாதி கரியாகித் தொட்டியில் நனைந்து கிடந்தது. அடுப்புக்கு இடப்பக்கம் போட்டிருப்பேன், வேறெப்படி. வீடே போயிருக்கும். மேலே தூங்கும் அந்த ஊமையும் போயிருப்பான்.

"எத்தனை நாளைக்குத்தான் நீ காவல் இருப்ப?" என்று சத்தமாகவே கேட்டேன்.

மார்ச் 24

திருப்பினேன்.

படுக்கையறையில் உட்கார்ந்து, சிவப்பு வரும்வரை தலையைத் திருப்பினேன். கழுத்து வலித்தது. கோடு வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் கட்டிலின் மறுபாதி: சுருக்கமில்லாத விரிப்பு, பூப்போட்ட தலையணை உறை. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்து போய் முகத்தின் மீதிப் பாதியைச் சவரம் செய்தேன்.

மார்ச் 27

மூன்று நாளாகத் தட்டு நகரவில்லை. அடுப்பை நானே அணைத்தேன், இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். வீடு ரொம்ப அமைதி. கோபித்துக்கொண்டாளோ?

மார்ச் 30

சோதனை. பயிற்சியாளரம்மா எதிரில் தேநீர் போட்டேன். பாத்திரம், துண்டு, அடுப்புக் குமிழ், எல்லாவற்றுக்கும் தலை திரும்பியது. தலையாட்டிப் பொம்மை தோற்றது. தேநீரில் சர்க்கரை போட மறந்தேன். "அது மூளை இல்லை சார், கஞ்சத்தனம்" என்றாள்.

படிவத்தில் எழுதினாள்: "உதவியோடு தனியாக வசிக்கலாம்."

"உதவியா? இந்த வீட்டுல எனக்கு யாரும்மா உதவி?"

அவள் மிச்ச டேப்பை என் கையில் வைத்தாள். "எல்லாத்துக்கும் ஒட்டினோம், உங்க நோட்டுக்கு ஒட்டவே இல்ல பாருங்க. இடது ஓரத்துல ஒட்டிட்டு, முதல் பக்கத்துலேர்ந்து பாருங்க."

மார்ச் 31

ஒட்டினேன். திருப்பினேன்.

நான் எழுதியதெல்லாம் வலப்பக்கம். இருப்பதாகவே நான் நினைத்துப் பார்க்காத இடது பக்கங்களில் நெடுக எழுதியிருக்கிறது. குனிந்த, சின்ன எழுத்து. முதலில் நேரம்.

5ஆம் தேதி: 7.50. தட்டைத் திருப்பி வைத்தேன்.

6: 6.40. அடுப்பு.

9: 7.10. பின்கதவு வழியாக வந்தேன். அவர் வலப்பக்கம் திரும்பினார்.

21: 7.05. துண்டு. தண்ணீர் ஊற்றினேன்.

25, 26, 27: வந்தேன். வேலை இல்லை.

17ஆம் தேதிக்கு எதிரே மட்டும் நேரம் இல்லை.

"அன்னைக்கு ஃபோன்ல இருந்தது நான்தான் மாமா. நானும் சிரிச்சேன்."