கொப்பியின் வலது ஓரம்

நேற்று உன் அம்மா ஒரு பை நிறையக் கொப்பிகளைக் கொண்டுவந்து தந்தார். "ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற ஒம் மகளுக்கு ஒதவும்" என்றார். பையைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் அழுகைதான் வந்தது.

நம் குருவிட்டத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் அப்போது உயிரியலைத் தமிழில் படிப்பிக்க ஆளில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய், சிங்கள வகுப்பில் பின்வரிசை வாங்கில் உட்காருவோம். படிப்பிக்கிற சேர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நீ தமிழில் எழுதிக்கொண்டே போவாய். சிங்களம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தோட்டத்துச் சிங்களம்தான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் யோசிப்பதற்குள் அவர் மூன்று வரி தாண்டியிருப்பார். ஒருநாள் என் பேனையை நீயே வாங்கி மூடிவைத்தாய்.

"அரையும் குறையுமா எழுதாதடி. சும்மா கேட்டுக்கிட்டு இரு. ஒனக்கும் சேத்து நானே எழுதித் தாறேன்."

சொன்னபடியே ஞாயிறுதோறும் தனிக் கொப்பியில் எழுதித் தந்தாய். படங்களுக்குக் கலர் வேறு! கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன், மடச்சி.

நேற்று உன் கொப்பியையும், நீ எழுதித் தந்து பெட்டியடியில் கிடந்த என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேர் போர்டில் எழுதியதெல்லாம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. உன்னுடையதில் மட்டும் வலது ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், அவர் வாயால் சொன்னவை. எது பரீட்சைக்கு வரும், எதை எதோடு குழப்பக்கூடாது, விடையை எப்படித் தொடங்கவேண்டும். என் கொப்பியில் அந்த ஓரம் சுத்தமாக வெறுமை. ஒரு வாரம் என்றால் மறந்துவிட்டாய் என்பேன். இரண்டு வருஷத்தில் ஒரு வரிகூட இல்லையே, பாவி.

உனக்குக் கெம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்குப் போனாய். நான் கொழுந்தெடுக்கப் போனேன். ரிசல்ட் வந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்து நீயும் அழுதாயே, அது என்ன அழுகை? உன் சாவு வீட்டில் நான் அழுதது நிஜம். இப்போது நியாயம் கேட்டுச் சண்டை பிடிக்கவும் நீ இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

இன்று காலை மகள் உன் கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள், இரண்டு பேரும் ஒன்றாகத்தானே படித்தீர்கள், நீங்கள் மட்டும் ஏன் கெம்பஸ் போகவில்லை என்று. இரண்டு கொப்பியும் மேசையில் திறந்தே கிடந்தன. விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் யார் கேட்டாலும் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதில்தான் வாயில் வந்தது.

"எனக்குப் படிப்பு ஏறல, புள்ள."