சும்மா வரைந்த ஆந்தை

செவ்வாய், இரவு. பொம்மனஹள்ளி, பெங்களூரு.

கோபம் இன்னும் ஆறவில்லை. இல்லாத தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைவது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். யாரும் கேட்டு வரைவதில்லை. கை பழகவும் ஆசைக்காகவும்தான். போன வாரம் வரைந்த ‘ஆந்தை மார்க்’ லேபிளை, "சும்மா பண்ணேன்" என்று சொல்லி எங்கள் டிசைன் ஆபீஸ் டீம் லீடர் ஸ்ரீதரிடம் காட்டித் தொலைத்தேன்.

இன்று ஒரு ஸ்வீட் கடைக்காரரோடு மீட்டிங். திரையில் என் ஆந்தை! அலகிலிருந்த தீக்குச்சியைப் பிடுங்கிவிட்டு லட்டைச் சொருகியிருந்தார் ஸ்ரீதர். டீம் ஐடியா என்று வேறு சொன்னார். கடைக்காரர் "சென்னாகிதே, சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சினார்.

வெளியே வந்ததும் ஸ்ரீதரைப் பிடித்துக்கொண்டேன். "என்னைக் கேக்காம எப்படி எடுத்தீங்க?"

"நீதானம்மா சும்மா பண்ணேன்னு சொன்னே?"

"சும்மான்னா எனக்காகப் பண்ணேன்னு அர்த்தம். யார் வேணா தூக்கிட்டுப் போலாம்னு இல்ல."

"அட, சின்ன விஷயம். சும்மா பெருசு பண்ணாத."

அந்த ஆந்தையின் இமை சரியாக வருவதற்காக ஒரு மதியம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அது சின்ன விஷயமாம். லட்டைக்கூட ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை, கோணல்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து புது லேபிள் ஆரம்பித்தேன். பூனை மார்க். அறைத்தோழி ரேவதி எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆபீஸ் வேலையாடி?"

சும்மா என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லடி. என் வேலை."