யம்னாவை நான் விடுவதாக இல்லை

ரோட்டர்டாம்,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் அன்பான ஹார்மென் அண்ணனுக்கு,

தங்கை தினெகெயின் தோத்திரம். இந்த மழையிலும் உங்களையும் அண்ணியையும் சளி இருமல் இல்லாமல் ஆண்டவர் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மச்சான் கோர் அவர்களும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் வீடு கட்டியவனைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எதிர்வீட்டு யம்னாவிடம் இவ்வளவு காலம் பழகியும் பலன் இல்லை, அவளை விட்டுவிட்டுக் கதவு திறக்கும் வேறு வீட்டைப் பார் என்று ஊழியக் குழுவின் சார்பில் எழுதியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடியாது. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

அவள் மனம் கடினப்பட்டவள் என்று உங்களுக்கு எழுதியவளே நான்தான். காப்பிக்குக் கூப்பிட்டால் வருவாள். மொரோக்கோவில் இருக்கும் தங்கையைப் பற்றிச் சொல்வாள், ஒரு பிஸ்கட் தின்பாள். காணாமற்போன ஆட்டின் கதையை ஆரம்பிக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். இயேசுவின் பேர் வருமுன்னே ஓடுகிறாள் என்று நினைத்தேன். நீங்களும் குழுவில் அப்படியே சொல்லி ஜெபித்தீர்கள்.

சங்கதி வேறு. போன மாதம் அவள் மகள் நாதிரா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் டப்பாவை நீட்டி, ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும், மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேனாம். நம் அம்மாவும் அப்படித்தானே செய்தார்கள்; இந்த நாட்டில் யார் வீட்டில் அப்படிச் செய்யவில்லை? அவர்கள் வீட்டிலோ விருந்தாளி இருக்கும்வரை தட்டு காலியாகக் கூடாது. மூடி விழும் சத்தம் கேட்டதும், கிளம்பச் சொல்கிறார்கள் என்று யம்னா மரியாதையாக எழுந்து போயிருக்கிறாள். சுவிசேஷத்துக்குக் குறுக்கே பிசாசு நிற்கிறான் என்று நாம் கடிந்துகொண்டிருந்தோம் அண்ணா, நின்றது என் பிஸ்கட் டப்பா. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த முறை டப்பாவைத் திறந்தே வைத்தேன். விளக்கு போடும் நேரம்வரை யம்னா இருந்தாள். சொல்ல வேண்டியதை நானும் சொன்னேன்: இயேசு தேவனுடைய குமாரன், எனக்காக மரித்தார், உயிரோடிருக்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஈசா நபியை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அல்லாவுக்குப் பிள்ளை கிடையாது தினெகெ. அதை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். நீதான் இவ்வளவு நல்லவளா இருக்கியே, பேசாம கலிமாவைச் சொல்லி எங்க மார்க்கத்துக்கு வந்துடேன்." நானும் மாட்டேன் என்றேன். எனக்காகத் தொழுகையில் தவறாமல் கேட்கிறாளாம். நானும் உனக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.

இப்போது அவளுக்கு இருதயத்தில் வால்வு பழுது. வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. பிழைப்பாளா என்று மருத்துவர்களே உறுதியாகச் சொல்லவில்லை. இந்த நேரத்தில்தான் எங்கள் பேச்சு அவள் மகன் முனீரின் காதுக்குப் போயிருக்கிறது. நேற்று சூப் கொண்டுபோனபோது வாசலிலேயே மறித்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாத நேரம் பார்த்து மதம் மாற்ற வருகிறீர்களா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மழுப்பவில்லை. உன் அம்மா இயேசுவை அறிய வேண்டும் என்பது என் ஆசை, அதை மறைக்க மாட்டேன்; அவள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்; நான் பேசுவதை நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள் என்றேன். உள்ளேயிருந்து யம்னாவின் குரல் வந்தது: "விடுடா அவளை. மனசுல ஒண்ணு வச்சு வாயில ஒண்ணு பேசுற ஆள் இல்ல அவ."

விட்டான். சூப்பில் பன்றிக்கறி இல்லையே என்று மட்டும் கேட்டான். பன்றிக்கறி போடாத பட்டாணி சூப்பும் ஒரு சூப்பா என்று கோர் காலையெல்லாம் முனகியதை அவனிடம் சொல்லவில்லை.

யம்னா என்னை ஜெபிக்கச் சொன்னாள். சத்தமாக, என் வழக்கப்படியே. முனீர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். இயேசுவின் நாமத்தில் கேட்டு முடித்தேன். யம்னா "ஆமீன்" என்றாள். அண்ணா, உங்களை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் அறிக்கை எழுதப் பேனாவை எடுப்பீர்கள். எடுக்காதீர்கள். துஆ என்று அவர்கள் சொல்லும் எந்த வேண்டுதலையும் அப்படித்தான் முடிப்பார்கள். சபையில் சாட்சியாக வாசிக்க இதில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். காரில் இடம் இருக்கிறது என்று முனீரே சொன்னான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். நீங்கள் சொன்ன வேறு வீடுகளுக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று குழு கூடும்போது யம்னாவுக்காக ஜெபியுங்கள். அவள் ஆத்துமாவுக்காக என்று ஆரம்பிக்காதீர்கள். அதை நான் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் அவள் இருதயத்துக்காகக் கேளுங்கள், மருத்துவர் கத்தி வைக்கப்போகும் அந்த இருதயத்துக்காக. அவள் பிழைத்து வீட்டுக்கு வரட்டும், அண்ணா. எனக்கு அவள் வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
தினெகெ