இழை ஒட்டும் மேடமும் ஒளிச் சக்கரவர்த்தியும்

மார்ச் 3
ஒளிச் சக்கரவர்த்தியாகிய நாம் இன்றும் மண்ணைக் கவ்வினோம். லேசர் ஒளி ஒரே திசையில் அதிரும் பிடிவாதக்காரன். விரிசலைக் கண்டுபிடிக்க ரயில் சுரங்கச் சுவரில் பதித்த கண்ணாடி இழை எங்காவது முறுக்கிக்கொண்டால் அந்தத் திசை திரும்பி, சமிக்ஞை செத்துவிடுகிறது. சுவரே விரிசல் விட்டாலும் திரையில் சுடுகாட்டு அமைதி. ஆகவே, திசையே இல்லாத ஒளி வேண்டும். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீண்ட இழைச் சுருளில் ஊர்சுற்ற அனுப்பி, அதன் அதிர்வைச் செங்குத்தாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தோம். பலிக்கவில்லை.

“சுருள் குட்டை சார். ரெண்டு பாதியும் இன்னும் ஒண்ணையொண்ணு மறக்கல,” என்றார் இழை ஒட்டும் மேடம். அவர் ஒட்டினால் பிரம்மனே பூதக்கண்ணாடியோடு வந்தாலும் ஒட்டு தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவை.

மார்ச் 9
அக்கா மகள் போனில்: “மாமா, அவங்ககிட்ட கேட்டீங்களா இல்லையா? இப்படியே போனா அவங்க ரிட்டயரே ஆயிடுவாங்க.”

நாளை கேட்பேன். சத்தியம்.

மார்ச் 10
கேட்கவில்லை. சுருள் எத்தனை மடங்கு வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 17
புதுச் சுருள், பழையதைப்போல் பத்து மடங்கு. சுரங்க இழைக்குப் பதிலாக ஆய்வகத்தில் வைத்திருக்கும் சோதனை இழையைச் சாட்டைபோல் உலுக்கினேன். திரையில் கோடு அசையவில்லை! ஆய்வகமே கைதட்டியது. அந்தத் தைரியத்தில் ஸ்டூலில் ஏறி முழங்கினேன்: “மேடம்! ஏழு கடலையும் வத்த வெச்சு, அந்த மணலை உருக்கி உங்களுக்கு இழை இழுத்துத் தரேன். இந்தச் சக்கரவர்த்தியைக் கட்டிக்கறீங்களா?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் அவர்தான். “மொதல்ல எறங்குங்க சார், ஸ்டூல் ஆடுது.”

நானும் சிரித்தேன் — ஏன்டா சிரிச்சே?

மார்ச் 26
மேடம் வேலையை விடுகிறார். கல்யாணமாம். கல்லூரிக்காலத்துத் தோழராம். மதியம் என் மேஜையருகே வந்து நின்றார்.

“அன்னைக்கு ஸ்டூல்ல ஏறிச் சொன்னீங்களே... விளையாட்டுக்குத்தானே?”

பதிலுக்குக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார்.

“பின்னே? நான் என்னைக்கு நிஜம் பேசியிருக்கேன்?”

“அதானே,” என்றார். உடனே போகவில்லை. பிறகு போனார்.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாவி, ஊரெல்லாம் அளந்துவிடுற வாய், அப்ப மட்டும் எங்க போச்சு?

ஏப்ரல் 20
சுரங்கத்தில் கருவி ஓடத் தொடங்கிவிட்டது. ரயில் தடதடத்துப் போகும்போதும் சமிக்ஞை மங்கவில்லை.

அக்கா மகள் கூப்பிட்டாள். “என்ன மாமா, ஒரு புளுகையும் காணோம்? அவங்ககிட்ட கேட்டீங்களா?”

கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார் என்றேன்.

உடனே நம்பிவிட்டாள்.